கோழி ஷெட்டில் ஒலித்த என் குரல்

அந்த ஷெட்டின் வாசலில் போய் நின்றதும் முதலில் மூக்கில் ஏறியது நாற்றம். அடுத்து காதில் விழுந்தது என் குரல்.

"தகவல் தொடர்பு என்பது ஒருவழிப் பாதை அல்ல" என்று நான் உள்ளே பேசிக்கொண்டிருந்தேன். வெளியே, வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றதும் நான்தான். தகரக் கூரைக்குக் கீழே ஒரு கம்பியில் சின்ன ரேடியோ தொங்கியது. அதன் இரண்டு பக்கமும் கூண்டு கூண்டாக வெள்ளைக் கோழிகள், அந்தக் கோடி வரைக்கும். ஒன்றுகூட அலறவில்லை. தீனியைக் கொத்துவதும், கூண்டுக்கு வெளியே தலையை நீட்டுவதுமாக இருந்தன.

எனக்கு உடனே தோன்றியது ஒன்றுதான். நான் வரப்போவதை யாரோ முன்கூட்டியே சொல்லி, ஸ்டேஷனை மாற்றி வைத்திருக்கிறார்கள்.

பக்கத்தில் நின்ற கௌசல்யாவைத் திரும்பிப் பார்த்தேன். எம்.ஏ. இரண்டாம் ஆண்டு மாணவி. என்னை இங்கே அழைத்து வந்தவள் அவள்தான். பேருந்தில் வரும்போது இரண்டு தடவை செல்போனில் ஏதோ தட்டினாள். யாருக்கு என்று கேட்டதற்கு "எங்கம்மாளுக்குங்க மேம்" என்றாள். அம்மாவுக்கா, இந்த ஷெட்டுக்கா?

புளியமரத்து சர்வே

எங்கள் வளாக வானொலி தொடங்கிய கதையைப் போன வாரம் சொன்னேன். தவறவிட்டவர்களுக்காகச் சுருக்கம்: நாமக்கல் சாலையில் இருக்கும் எங்கள் பல்கலைக்கழக வளாகத்தின் மொட்டை மாடியில் ஒரு கோபுரம், கீழே ஒரு ஏ.சி. அறை, அதற்குள் சேகர் என்று ஒரு டெக்னீஷியன். நிலையம் என்பது அவ்வளவுதான். பேச ஆள் கிடையாது. அதனால் அஞ்சல் வழியில் படிக்கிறவர்களுக்காக நான் பதிவுசெய்த பாடங்களையே சேகர் காலையிலிருந்து மாலை வரை திருப்பித் திருப்பிப் போடுவார். நடுவில் கொஞ்சம் வேளாண்மை, கொஞ்சம் உடல்நலம்.

இதை யாராவது கேட்கிறார்களா என்பது எனக்கு நெடுநாள் சந்தேகம். துறைக் கூட்டத்தில் கேட்டால் "ஏராளமானோர் கேட்கிறார்கள்" என்பார்கள். ஏராளமானோர் என்று யாராவது சொன்னால் நான் அதில் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் என்பேன். கூட்டம் அத்தோடு அடுத்த பொருளுக்குப் போய்விடும்.

கௌசல்யா தன் ஆய்வேட்டுக்கு இதையே எடுத்துக்கொண்டாள். புதுச்சத்திரம் பக்கத்துக் கிராமங்களில் எங்கள் வானொலியின் கேட்போர், அதுதான் தலைப்பு. அவள் ஊரும் அந்தப் பக்கம்தான். எங்கள் கோபுரம் எட்டும் எல்லையும் ஏறக்குறைய அதோடு முடிகிறது. கேள்வித்தாள்களை எடுத்துக்கொண்டு போனாள். நிரப்பிக்கொண்டு வந்தாள்.

எங்கள் நிலையத்தை வைப்பதுண்டா? ஆம். எவ்வளவு நேரம்? நாள் முழுக்க.

நாள் முழுக்கவாம்! முன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களே ஒரு மணி நேரம் தாங்க முடியாத குரலை!

அடுத்த கேள்விதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. உங்களுக்குப் பிடித்த நிகழ்ச்சி எது? ஏறக்குறைய எல்லாத் தாளிலும் ஒரே பதில்: தெரியவில்லை.

எங்கள் நூலகத்துக்குப் பின்னால் ஒரு புளியமரம் இருக்கிறது. கள ஆய்வுக்குப் போகச் சோம்பல்படும் பிள்ளைகள் அதன் அடியில் உட்கார்ந்து, சங்ககிரி லாரி டிரைவராகவும் பள்ளிபாளையத்துத் தறிக்காரராகவும் தாங்களே மாறி, கேள்வித்தாளை நிரப்பிவிடுவார்கள். அப்படி வந்த சர்வேக்களை நான் மோப்பம் பிடித்துவிடுவேன். ஒரே பேனா, ஒரே சாய்வு, தாளில் புளியம்பூ. ஆனால் அவர்கள்கூடப் பிடித்த நிகழ்ச்சி என்ற இடத்தில் எதையாவது கற்பனை செய்து எழுதுவார்கள். கௌசல்யாவுக்கு அதற்கும் சோம்பல் என்று முடிவு கட்டினேன். அந்தப் பதிலைச் சிவப்பு மையில் வட்டமிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"நெசமாலுமே ஊடு ஊடாப் போய்க் கேட்டதுங்க மேம்."

"நாள் பூரா கேட்கறவங்களுக்கு ஒரு நிகழ்ச்சி பேர் தெரியாதா?"

"தெரியலன்னுதானுங்க சொன்னாங்க."

அவள் அழவில்லை. அழுதால் நடிப்பு என்று நினைத்திருப்பேன். அழாததால் கல்நெஞ்சக்காரி என்று நினைத்தேன். என்னோடு வாழ்கிறவர்களுக்கு இது பழகிப்போனது.

"இந்த வருசம் போச்சுன்னா எங்கப்பா மறுக்கா படிக்க உட மாட்டாருங்க மேம். கோயம்புத்தூர்ல வேலைக்கு வரச் சொல்லியிருக்காங்க, பட்டம் கையில இருந்தாத்தான் சேத்துக்குவாங்க. அதும் இல்லீனா மாப்பள ஊட்டுக்காரங்க தயாரா உக்காந்திருக்கறாங்க" என்றாள். பிறகு, "நீங்களே வந்து பாத்துருங்க" என்றாள்.

ஆய்வேட்டைக் கொடுக்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது. என் கையெழுத்து இல்லாமல் அதை வாங்க மாட்டார்கள்.

நனைச்சுப் பார்த்துரு

எனக்கு இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் ஆள் என் அப்பா; எங்கள் வீட்டில் அத்தா என்போம். சேலம் கடைவீதியில் டீத்தூள் மொத்த வியாபாரம். கடை முழுக்கத் துவர்ப்பும் இனிப்பும் கலந்த ஒரு வாசனை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சாக்கு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம்.

சரக்கு வந்ததும் அத்தா ஒரு வெள்ளைத் தாளை நனைத்து மேஜையில் விரிப்பார். ஒரு சிட்டிகைத் தூளை அதில் தூவுவார். சாயம் ஏற்றிய தூள் என்றால் உடனே செம்பழுப்பாகக் கசியும். நல்ல தூள் பேசாமல் கிடக்கும். பல வருடம் பழகிய ஏஜெண்ட் கொண்டு வந்த சரக்கானாலும் இதைத்தான் செய்வார்.

"அவரு நல்லவருதானே அத்தா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ரொம்ப நல்லவரும்மா ஜமீலா. இருந்தாலும் நனைச்சுப் பார்த்துரு" என்றார்.

நான் தகவல் தொடர்பியலில் விரிவுரையாளராகச் சேர்ந்தபோது அத்தாவுக்கு அது என்ன வேலை என்று புரியவே இல்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பல்கலைக்கழகத்திலேயே பலருக்குப் புரியவில்லை. அலுவலகத்தில் தொலைபேசி செத்துப்போனால் அதை ஒயரோடு கழற்றி எங்கள் துறைக்கு அனுப்பிவிடுவார்கள். முதல் வருடம் நான் திருப்பி அனுப்பினேன். இரண்டாம் வருடம் ஒன்றைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு கரப்பான்பூச்சி. எடுத்துப் போட்டதும் மணி அடித்தது. துறைக்கு அதன்பிறகுதான் கொஞ்சம் மரியாதை வந்தது.

வதந்தி பற்றிப் பாடம் எடுக்கத் தொடங்கியபோது அத்தாவின் ஈரத்தாள்தான் கைகொடுத்தது. எங்கள் பக்கத்து முட்டையைப் பற்றி, பிளாஸ்டிக் முட்டை என்று செல்போன்களில் ஒரு வீடியோ சுற்றியதே, நினைவிருக்கிறதா? அதை மறுத்து எழுதச் சொல்லி என்னிடம் வந்தார்கள். எல்லோரும் பொய் என்றார்கள். நானும் பொய் என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் பத்து முட்டை வாங்கி வந்து, உடைத்து, வேகவைத்து, ஓட்டைக் கொளுத்திப் பார்த்த பிறகுதான் பேனாவை எடுத்தேன். வீட்டில் அந்த வாரம் மூன்று வேளையும் முட்டைதான். என் கணவர் இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுவார்.

வகுப்பில் என்னைச் சந்தேக மேடம் என்பார்கள். இன்னொரு பெயரும் உண்டு, அது தாலாட்டு மேடம். முதல் பெயரில் எனக்குப் பெருமை. இரண்டாவது பெயர் காதில் விழாததுபோல் நடந்துகொள்வேன்.

கோழிகளுக்கு ஒரு வகுப்பு

அந்த ஷெட்டுக்கு வருகிறேன்.

உள்ளேயிருந்து கையைத் துடைத்தபடி ஒரு பெண் வந்தார். நாற்பது வயது இருக்கும். பாவாயி. பண்ணையைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறவர். வீட்டுக்காரர் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போட வடக்கே போனால் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும்.

"வா சாமி" என்றார் கௌசல்யாவைப் பார்த்து.

"உனக்குச் சொந்தமா?" என்று அவள் காதோரம் கேட்டேன். சொந்தக்காரர்கள் வீட்டிலேயே சர்வேயை முடித்துவிட்டாளோ!

"இல்லீங்க மேம். எங்க பக்கம் எல்லாத்தையும் சாமின்னுதானுங்க கூப்புடுவாங்க."

நான் நம்பவில்லை. அதற்குள் பாவாயி என் பக்கம் திரும்பி, "நீங்களும் வாங்க சாமி. சித்த நில்லுங்க, தண்ணி கொண்டாரேன்" என்று போய்விட்டார். அந்தச் சந்தேகம் அதோடு தீர்ந்தது. ரேடியோ மீதான சந்தேகம் தீரவில்லை.

ஓடுவது உண்மையிலேயே எங்கள் ஒலிபரப்புதானா? என் பாடங்கள் செல்போன் செல்போனாகச் சுற்றுகின்றன. ஒரு பென்டிரைவில் ஏற்றிச் செருகிவிட்டால் ரேடியோ பாடத்தானே செய்யும்? நனைத்துப் பார்த்துவிட வேண்டியதுதான். செல்போனை எடுத்து நிலையத்துக்கு அடித்தேன்.

"சேகர், ஓடற பாடத்தை நிறுத்திட்டு வேற எதையாவது போடுங்க. இப்பவே."

"என்னத்த மேம் போட?"

"எதையாவது! சட்டுனு தெரியற மாதிரி."

சேகர் சொன்ன சொல் தட்டாத மனிதர். சட்டென்று தெரிகிற மாதிரி, மாரியம்மன் நோம்பித் திருவிழாவில் மாணவர்கள் பதிவுசெய்து வந்த பம்பை மேளத்தைப் போட்டார்.

என் குரல் நின்றது. ஒரு நொடி அமைதி. பிறகு பம்பை வெடித்தது. அதோடு ஷெட்டும் வெடித்தது. அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை அத்தனை கோழியும் ஒரே நேரத்தில் எம்பிக் கூண்டில் மோதின. அலறல், தூசி, இறகு. முட்டைகள் தடதடவென்று உருண்டன. வாழ்க்கையில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை.

பாவாயி சொம்பைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "ஐயோ, எந்தக் கெரகம் புடிச்சவன் மாத்துனான்!" என்று ரேடியோவின் குமிழைத் திருகி அணைத்தார். கோழிகள் அடங்கவில்லை.

நான் செல்போனில், "சேகர், நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

பாவாயி திரும்பி என்னை உற்றுப் பார்த்தார். "ஏனுங்க... நீங்களா அந்தம்மா? ரேடியோல பேசறவீங்க?"

"ஆமாம். மன்னிச்சுக்கங்க, நான்தான்..."

"அதெல்லாம் அப்பறம் சாமி. பேசுங்க! கத்தாதீங்க, எப்பவும் பேசற மாதிரி பேசுங்க!"

"என்னத்தைப் பேசறது?"

"எப்பவும் பேசறதுதானுங்க!"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, கூண்டுகளுக்கு நடுவில் இருந்த நடைபாதையில் மெல்ல நடந்தேன். "செய்தியை அனுப்புகிறவர் ஒருவர். பெறுகிறவர் ஒருவர். இருவருக்கும் நடுவில் ஊடகம். ஊடகத்தில் குறுக்கிடுவது இரைச்சல்" என்று ஆரம்பித்தேன். முதல் வரிசை தலையைச் சாய்த்துப் பார்த்தது. இரைச்சலின் வகைகளைச் சொல்லி முடிப்பதற்குள் பாதி ஷெட் அடங்கிவிட்டது. பின்னூட்டம் பற்றிப் பேசும்போது ஒரு கோழி தீனிக்குத் திரும்பியது. கோடிக்குப் போய்த் திரும்பி வந்தபோது எல்லாம் பழையபடி கொத்திக்கொண்டிருந்தன.

கௌசல்யா வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சிரிக்கிறாளா பயந்துபோயிருக்கிறாளா என்று தெரியவில்லை.

ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை

"பாட்டு ஸ்டேசன் வெச்சா ஆவாதுங்க" என்றார் பாவாயி, புதிதாகக் கொண்டு வந்த தண்ணீரை என்னிடம் நீட்டியபடி. "வெளம்பரம் வந்தாத் திடீர்னு கத்துறானுங்க. கோழி மெரண்டுக்கும், முட்ட கொறஞ்சுபோவும். ஒண்ணும் வெக்காம உட்டாலும் ஆவாதுங்க. ரோட்டுல லாரிக்காரன் ஆரன் அடிச்சாத் தூக்கிப் போட்டுரும். உங்க ஸ்டேசன்தான் ஒரே சீரா ஓடும். அதும் உங்க கொரலு இருக்குதே, ஏத்தமும் இல்ல, எறக்கமும் இல்ல. இந்தச் சுத்துவட்டாரத்துல எல்லா ஷெட்லயும் இதுதானுங்க."

அவர் பாராட்டாகத்தான் சொன்னார்.

"அப்போ இது கோழிக்குத்தானா?"

"கோழிக்குத்தானுங்க. இதுங்களுக்கும் வயசாயிப்போச்சு, அடுத்த வாரம் கறிக்கு ஏத்தி உட்டுருவோம்."

மனசு விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சுருக்கென்று தைத்தது. கற்பித்தலில் பாதி வாழ்க்கை போய்விட்டது. கேட்போர் என்றால் யார் என்று மாநாடு மாநாடாகப் பேசியிருக்கிறேன். கடைசியில் என் கேட்போர் யார் என்றால், அடுத்த வாரம் லாரியில் ஏறப்போகிறவர்கள்.

திரும்பும்போது பேருந்து நிறுத்தத்தில் கௌசல்யாவிடம் கேட்டேன். "இதை ஏன் முதல்லயே எழுதலை?"

"எழுதலாம்னுதானுங்க இருந்தேன். உங்களுக்குச் சங்கடமாப் போயிரும்னு..."

என் மீது இரக்கமா? அதையும் நான் நல்லபடியாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ரேடியோ ஓடுது, அது உண்மை. ஒத்துக்கறேன். ஆனா உன் தலைப்பு என்ன? கேட்போர். கேட்போர் எங்கே? மனுஷர் ஒருத்தரைக் காட்டு, கையெழுத்துப் போடறேன்."

"பாவாயியக்கா கேக்கறாங்கல்லங்க மேம்."

"அவங்க வாயாலேயே கோழிக்குன்னு சொல்லிட்டாங்க."

 நாமக்கல் பேருந்து ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். புழுதிக்காகத்தானா என்று நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலை சேகரைக் கூப்பிட்டு, என் பாடங்கள் அத்தனையையும் எடுத்துவிட்டு முதலாம் ஆண்டுப் பிள்ளைகளை வைத்துக் கலகலப்பாக ஏதாவது நடத்தச் சொன்னேன். "சரிங்க மேம்" என்று உடனே எழுந்தார். அந்த வேகமும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு போன்

ஆய்வேடுகளைக் கொடுக்கக் கடைசி நாளுக்கு முந்தின நாள். கௌசல்யா காலையிலிருந்து என் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஆய்வேடு. நான் போகும்போதும் வரும்போதும் எழுந்து நின்றாள்.

மத்தியானம் சேகர் வந்தார். "மேம், நிலையத்துக்குப் போன். யாரோ ஒரு அம்மா. உங்களத்தான் கேக்கறாங்க."

போய் எடுத்தேன்.

"ஏனுங்க, பாவாயி பேசறேனுங்க. ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா? ரொம்ப நாளாக் கொரலயே காணமே."

இந்த நேரம் பார்த்து! பெஞ்சில் இருப்பவளின் ஏற்பாடு என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை.

"நல்லாத்தான் இருக்கேன். கௌசல்யா சொல்லித்தானே பேசறீங்க?"

"எந்தக் கௌசல்யாங்க? ஓ, கூட வந்த புள்ளயா? அதய அன்னிக்குப் பாத்ததுதானுங்க. ஏனுங்க, அந்தப் புள்ளைக்கு ஏதாச்சுமா?"

"ஒண்ணுமில்லை. கோழி மிரளுதுன்னா வேற ஸ்டேஷன் எதையாவது வெச்சுப் பாருங்க."

"கோழி எங்கீங்க இருக்குது? லாரில ஏத்தி உட்டாச்சுங்களே. ஷெட்டு காலி. கழுவி உட்டுட்டுச் சுண்ணாம்பு அடிச்சுட்டு இருக்கறேன்."

"அப்போ ரேடியோ எதுக்கு?"

மறுமுனையில் வாளியைத் தரையில் வைக்கும் சத்தம். காலி ஷெட்டில் அது பெரிதாகக் கேட்டது.

"நாந்தானுங்க கேக்கறேன்."

அப்போதும் நான் விடவில்லை. அத்தாவின் மகள் அல்லவா? "கேக்கறீங்கன்னா சொல்லுங்க, உங்களுக்குப் புடிச்ச நிகழ்ச்சி எது?"

"தெரியலீங்களே சாமி" என்றார் பாவாயி, கொஞ்சம் சங்கடத்தோடு. "நீங்க பாட்டுக்குப் பேசிட்டு இருப்பீங்க, நானும் வேலயப் பாத்துட்டு இருப்பேன். அவரு வண்டிக்குப் போயிட்டா இங்க ஒரு பேச்சு சத்தம் கெடயாதுங்க. இப்பப் பேசற புள்ளைங்களும் நல்லாத்தான் பேசுது. ஆனா அதுங்க வேற யாருகிட்டயோ பேசற மாதிரி இருக்குது. நீங்க பேசுனா இங்க பேசற மாதிரி இருக்கும்."

 சொல்லிக்கொடுத்துப் பேச வைத்த பெண்ணாக இருந்தால் ஒரு நிகழ்ச்சியின் பெயரைத் தயாராக வைத்திருப்பார். முதல் நனைப்பிலேயே சாயம் கசிந்திருக்கும். இவரிடம் கசிய எதுவும் இல்லை. கௌசல்யாவின் தாளில் நான் சிவப்பு மையில் வட்டமிட்ட அதே பதிலைத்தான் அவரும் சொன்னார்.

"நாளையிலேருந்து..." என்று ஆரம்பித்து, "இன்னிக்கே வரேன்" என்றேன்.

"வாங்க சாமி" என்றார் அவர். நேரில் வரப்போவதாக நினைத்தாரோ என்னவோ.

வெளியே வந்ததும் கௌசல்யா எழுந்து நின்றாள். ஆய்வேட்டை வாங்கி, அந்தப் பெஞ்சிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டேன். அவள் என் முகத்தையும் கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளும் என்னிடம்தானே படித்தாள்.

"கேட்போர்ங்கற தலைப்பு அப்படியே இருக்கட்டும். கோழிகளைப் பத்தியும் ஒரு பக்கம் சேர்த்துரு" என்றேன்.

"சிரிப்பாங்க மேம்."

"சிரிக்கட்டும்."

பிறகு சேகரிடம் போய், என் பழைய பாடங்களை எடுத்துப் போடச் சொன்னேன்.

"எதுலேருந்துங்க மேம்?"

"முதல் பாடத்துலேருந்து. இப்பவே."

அந்த ஷெட்டுக்கு அடுத்த கோழிகள் வந்து இறங்க இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது.